பழுப்பாக இருந்தாலும் அது கருங்கரடிதான்

காரைதீவைச் சேர்ந்த ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வசிக்கும் அவருடைய அக்கா, வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டோரத்துக்கு வந்த ஒரு தாய்க்கரடியையும் இரண்டு குட்டிகளையும் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். தாய் கறுவாப்பட்டை நிறம். ஒரு குட்டி தாயைப் போலவே இருக்கிறது; மற்றது கரிக்கட்டை போல இருக்கிறது. அக்கா எழுதிய குறிப்போ, "எங்கள் வீட்டுக் கருங்கரடிக் குடும்பம்." பழுப்பாக இருப்பதை எப்படிக் கருங்கரடி என்பது? ஒரே தாயின் குட்டிகள் இரண்டு நிறமாக இருப்பது எப்படி? மூன்றாவது, உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குத் தான் பாதயாத்திரையாக நடந்தபோது உடன்வந்த முதியவர் ஒருவர், "இந்தக் காட்டில் செங்கரடி என்று ஒரு சாதியும் உண்டு, அது கறுப்பைவிடப் பொல்லாதது" என்று சொன்னாராம், அது உண்மையா?

முப்பது வருடங்களுக்கு மேல் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். பிறப்புரிமையியல் பாடம் தொடங்கும்போதெல்லாம் பட்டாணிச் செடியைவிட இப்படி ஒரு கரடிக் குடும்பம் கையில் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இந்தக் கேள்வியைப் படித்ததும் தோன்றியது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா சொன்னது சரி. மூன்றும் கருங்கரடிகளே. கருங்கரடி என்பது ஓர் இனத்துக்கு இட்ட பெயர்; அந்த இனத்தின் ஒவ்வோர் உயிரும் அணிந்திருக்கும் நிறத்துக்கு இட்ட பெயர் அல்ல. நம் மொழியிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. வெள்ளாடு என்கிறோம். ஊரில் மேயும் வெள்ளாடுகளில் பாதிக்கு மேல் கறுப்பாகவோ மண்நிறமாகவோ இருக்கின்றன. "கறுத்த வெள்ளாடு" என்று சொல்லும்போது நமக்கு எந்தத் தடுமாற்றமும் வருவதில்லை. செம்மறியும் அப்படியே, வெள்ளைச் செம்மறி எத்தனையோ உண்டு. "பழுப்புக் கருங்கரடி" என்பதையும் அதே காதால் கேட்க வேண்டும்.

வட அமெரிக்கக் கருங்கரடிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஐரோப்பியர் முதலில் குடியேறியது அந்தக் கண்டத்தின் கிழக்குக் கரையில். அங்குள்ள அடர்ந்த காடுகளில் இந்த இனக் கரடிகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. 1780இல் பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் இந்த இனத்துக்கு அறிவியல் பெயரிட்ட காலத்தில், மேற்கே ரொக்கி மலைகளுக்கு அப்பால் இருந்த கரடிகளைப் பற்றி ஐரோப்பியருக்கு அதிகம் தெரியாது. மேற்கே போகப் போகத்தான் கறுவா நிறம், தேன் நிறம், வைக்கோல் நிறம் என்று அதே கரடி பல சட்டைகளில் எதிர்ப்பட்டது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள கருங்கரடிகளில் பெரும்பாலானவை பழுப்பு. கிழக்கில் நின்று வைத்த பெயர் மேற்குக்கும் ஒட்டிக்கொண்டது.

அங்குள்ள மக்கள் உங்கள் அக்காவின் படத்தில் உள்ளது போன்ற கரடியைக் 'கறுவாக் கரடி' என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டுக் கறுவாப்பட்டையின் நிறம் எங்கோ ஒரு பனிமலைக் காட்டில் ஒரு கரடிக்குப் பெயராகியிருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. இவை தவிர அலாஸ்காவின் தென்கிழக்கில், பனியாறுகள் கடலில் இறங்கும் இடங்களில், நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் சில உண்டு. பனியாற்றுக் கரடி என்பார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத் தீவுகள் சிலவற்றில் முழு வெள்ளையாகவே ஒரு வகை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கையில் பிடித்துப் பார்த்த ஒரு நாளைச் சொல்லவேண்டும். பாணமைக்கு அப்பால், குமனை தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஒரு சேனைப் பயிர்க்காரரின் முட்கம்பி வேலியில் கரடி மயிர் சிக்கியிருந்தது. ஒரு விரல் நீளம். தரையில் வைத்துப் பார்த்தால் தார் போலக் கறுப்பு. வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது அதன் ஓரம் செம்புக் கம்பி போல மின்னியது. அதைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். மயிரின் உள்ளே மிளகுத்தூளைத் தூவியது போலக் கருமணிகள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணை வைத்தார்கள். "சேர், கறுப்பு மயிரில் இல்லை, மணியில்தான் இருக்கிறது" என்றாள் ஒரு பிள்ளை. அதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த மணிகள்தான் மெலனின். பாலூட்டிகளின் உடலில் இது இரண்டு வகை. ஒன்று கறுப்பும் கபிலமும் தரும் இயூமெலனின். மற்றது செம்மையும் மஞ்சளும் தரும் ஃபியோமெலனின். எந்த வகை, எவ்வளவு, மயிரின் எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்துக் கறுப்பிலிருந்து வைக்கோல் நிறம்வரை எல்லாம் உண்டாகிவிடும். கரடிக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் நமக்கும் இதே இரண்டு மைப்புட்டிகள்தான். அவற்றைத் திறந்து மூடும் பரம்பரையலகுகளும், அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுக்களும், பெரும்பாலும் ஒன்றே.

உங்கள் அக்காவின் கறுவாக் கரடியின் இரகசியம் அண்மையில்தான் வெளிப்பட்டது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 151 கருங்கரடிகளின் மயிர் நிறத்தை அளந்து, அவற்றின் மரபுப் பொருள் முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிற வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு ஒரே ஓர் இடம் காரணமாக நின்றது. டிஒய்ஆர்பி1 என்ற பரம்பரையலகு அது. இயூமெலனினைத் தயாரிக்கும் வேலையில் பங்கெடுக்கும் ஒரு புரதத்தை அது உருவாக்குகிறது. அந்தப் புரதம் அமினோவமிலங்கள் கோர்த்த ஒரு மாலை. அதில் 153ஆவது மணி ஆர்ஜினினாக இருக்கவேண்டும். கறுவாக் கரடியில் அந்த இடத்தில் சிஸ்டீன் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அந்த ஒரு மணி மாறியதால் புரதம் தன் இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நிறமி உற்பத்தி குறைகிறது. கறுப்பாக வரவேண்டிய மயிர் கறுவாவாக வருகிறது.

அந்த விகாரம், அதாவது பரம்பரையலகில் நேர்ந்த அந்த மாற்றம், தோன்றிய காலத்தையும் கணக்கிட்டிருக்கிறார்கள்: சுமார் 9,360 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் தென்மேற்கில். அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக வடக்கேயும் கிழக்கேயும் பரவியிருக்கிறது. வெறும் தற்செயலால் பரவியதாகத் தெரியவில்லை. தோன்றிய இடத்தில் அந்த நிறம் கரடிக்கு ஏதோ ஒரு நன்மை தந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கு காட்டுகிறது. நிழல் குறைந்த வெளிகளில் வெளிர் மயிர் சூடேறாமல் காக்கும் என்று நெடுங்காலமாக ஒரு கருத்து உண்டு. வேறோர் இனமான பெரிய பழுப்புக் கரடியைப் போலத் தோன்றுவதால் மற்ற விலங்குகள் ஒதுங்கும் என்று இன்னொரு கருத்து. காய்ந்த புல்லும் பாறையும் நிறைந்த நிலத்தில் பழுப்பு கண்ணுக்குத் தட்டுப்படாது என்பது மூன்றாவது. என் மனம் மூன்றாவதின் பக்கம் சாய்கிறது. குமனையில் பற்றைக்குள் நிற்கும் மரையை இருபது அடி தூரத்திலும் காணாமல் கடந்துபோனவர்களுக்கு இது புரியும்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. வட அமெரிக்காவின் மற்றொரு இனமான பழுப்புக் கரடியின் பழுப்புக்கும் இதே டிஒய்ஆர்பி1தான் ஒரு காரணம். ஆனால் மாற்றம் நிகழ்ந்த இடம் வேறு: 114ஆவது மணி. அங்கேயும் ஆர்ஜினின் போய்ச் சிஸ்டீன் வந்திருக்கிறது. இரண்டு இனங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளவில்லை. ஒரே பூட்டைத் தனித்தனியாக இரண்டு இடத்தில் உடைத்திருக்கின்றன. பசுபிக்கில் சொலமன் தீவுகள் என்று ஒரு நாடு. அங்குள்ள மக்கள் நம்மைவிடவும் கருமையான தோல் உடையவர்கள். ஆனால் அவர்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத் தலைமயிர் பொன்னிறம். ஐரோப்பியக் கலப்பு என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 2012இல் உண்மை தெரியவந்தது. அதே டிஒய்ஆர்பி1, அதில் 93ஆவது மணி, ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன். கறுவாக் கரடிக்கும் சொலமன் தீவுக் குழந்தைக்கும் இடையில் இப்படி ஓர் ஒற்றுமை இருக்கிறது.

இப்போது வெள்ளைக் கரடி. பனிக்கரடி என்று நினைத்துவிடாதீர்கள், இது கருங்கரடியேதான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தில் கிரிபல், பிரின்சஸ் ரோயல் என்ற தீவுகளிலும் அவற்றை அண்டிய காடுகளிலும் வாழ்கிறது. கெர்மோட் கரடி என்று பெயர். ஆவிக்கரடி என்றும் சொல்வார்கள். 1905இல் இதை வேறோர் இனம் என்று கருதித் தனிப் பெயரே வைத்தார்கள். நிறத்தைப் பார்த்து இனம் பிரித்த பிழை அது. பின்னர் இது கருங்கரடியின் ஒரு துணையினம் என்று திருத்தப்பட்டது. அந்தத் துணையினத்திலும் பெரும்பாலானவை கறுப்பு; சிலதான் வெள்ளை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளிடம் ஒரு கதை வழங்குகிறது: உலகம் பனியால் மூடியிருந்த காலத்தை யாரும் மறந்துவிடக் கூடாது என்று, பத்துக் கரடிக்கு ஒன்றை வெள்ளையாக்கியதாம் அண்டங்காகம். எல்லாம் ஒரே கரடிகள், சில மட்டும் நிறம் மாறியவை என்பதை அந்தக் கதை தெளிவாகவே சொல்லிவிடுகிறது. அறிவியல் பிறகுதான் அந்த இடத்துக்கு வந்தது.

இந்த வெள்ளை, நிறமியே இல்லாத வெண்தோல் நோய் அல்ல. கண்ணும் மூக்கும் கறுப்பாகவே இருக்கும். மயிர் மட்டும் பாலாடை நிறம். இதற்குக் காரணம் எம்சி1ஆர் என்ற வேறொரு பரம்பரையலகு என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். நிறமிக் கலத்தின் வாசலில் இருக்கும் ஆளி என்று அதைச் சொல்லலாம். ஆளி வேலை செய்தால் கறுப்பு மை தயாராகும். அங்கே 298ஆவது மணியான டைரோசின் சிஸ்டீனாக மாறியதால் ஆளி பழுதாகிவிட்டது. ஆனால் இது பின்னிடைவான இயல்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் மட்டுமே கரடி வெள்ளையாகும். ஒன்று நல்லதாக இருந்தாலும் போதும், கறுப்பு. ஆகவே இரண்டு கறுப்புப் பெற்றோருக்கு வெள்ளைக் குட்டி பிறக்கலாம்.

இது நம்ப முடியாததாகத் தோன்றினால் கரடியை விட்டுவிடுங்கள், மாட்டுப்பட்டிக்கு வாருங்கள். செங்கலடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையாளரின் பசுவும் காளையும் கறுப்பும் வெள்ளையுமான ஃபிரீசியன் கலப்பு. ஒரு நாள் விடியற்காலையில் பசு கன்று போட்டது. கன்று செங்கல் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு நின்றது. அவர் என்னைக் கூப்பிட்டு, பட்டிக்குள் வேறு காளை புகுந்துவிட்டது என்று மனம் வருந்தினார். வேலியை இரண்டு பேரும் சுற்றிப் பார்த்தோம், எங்கும் பிரியவில்லை. பசுவின் தாய் என்ன நிறம் என்று கேட்டேன். நாட்டுச் சிவலை. காளையின் தாய்? அதுவும் சிவலை. விடை அங்கேயே இருந்தது. பசுவும் காளையும் தத்தம் தாயிடமிருந்து ஒரு சிவப்புப் பிரதியை வாங்கி, தந்தை கொடுத்த கறுப்புக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தன. மாட்டிலும் அந்தக் கறுப்பும் சிவப்பும் எம்சி1ஆரின் இரண்டு முகங்கள்தான். இரண்டும் சிவப்பைக் கொடுத்த நாளில் கன்று சிவலையாயிற்று. ஈரம் காயாத அந்தக் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "அப்ப இது பாட்டி கொடுத்த நிறம்" என்றார் அவர்.

கெர்மோட் கரடியும் அதே கணக்கு. வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும் இரண்டு கறுப்புக் கரடிகள் கூடினால், நான்கு குட்டிக்கு ஒன்று வெள்ளையாக வர வாய்ப்பு உண்டு. தீவுகளில் வெள்ளை அதிகம் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம், தனித்த சிறு கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் பிரதிகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு கூடுவது.

இன்னொரு காரணமும் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்தது. கல்லடிப் பாலத்தடியில் காலையில் நின்று பாருங்கள். வாவியில் வெள்ளைக் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். நீருக்கடியில் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில் வெள்ளை உருவம் கரைந்துவிடும். கறுப்பு உருவமோ நிழலாக விழும். வலை வீசுபவர்களிடம் கேட்டால், தம் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக நின்றே வீசுவதாகச் சொல்வார்கள். கனடாவின் அந்தத் தீவுகளில் சல்மன் மீன்கள் ஆற்றில் ஏறும் பருவத்தில், கறுப்பும் வெள்ளையுமான கரடிகள் மீன் பிடிப்பதை ஆய்வாளர்கள் நாள்கணக்கில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பகலில் வெள்ளைக் கரடிகளின் பாய்ச்சல்கள் கூடுதலாக வெற்றி பெற்றன. இரவில் அந்த வேறுபாடு இல்லை. 2009இல் வெளியான முடிவு இது. கெட்டுப்போன ஆளி என்று மேலே எழுதினேன். அந்த ஆற்றங்கரையில் பகல் வேளையில் அது கேடாக இல்லை.

சரி, உங்கள் அக்காவின் படத்தில் உள்ள இரண்டு நிறக் குட்டிகள். கன்றின் கதை தெரிந்த பிறகு இதில் வியப்பு இராது. தாயிடம் ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் இரண்டு பிரதிகள். அவற்றில் எது எந்தக் குட்டிக்குப் போகும் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டிவிடும் காசு. தந்தையிடமும் அப்படியே. அத்தோடு, ஒரு பெண் கருங்கரடி ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுவதும், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருப்பதும் மரபுப் பரிசோதனையில் உறுதிப்பட்டிருக்கிறது. நம் வீட்டுப் பூனை ஒரே ஈற்றில் மூன்று நிறக் குட்டி போடுவது யாருக்கும் புதிதல்ல.

நிறம் நிலையானதுகூட அல்ல. குட்டியில் பழுப்பாக இருந்தது வளர்ந்து கறுப்பாவது உண்டு. வருடத்துக்கு ஒருமுறை மயிர் உதிர்ந்து புதிதாக முளைக்கும். உதிர்வதற்கு முன்னுள்ள பழைய மயிர் வெயிலில் வெளுத்துச் செம்பட்டையாகியிருக்கும். அக்காவிடம் சொல்லுங்கள், அதே குடும்பம் திரும்பி வந்தால் மறுபடியும் படம் எடுக்கச் சொல்லி. வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கட்டும்.

அவருக்கு இன்னொன்றும் பயன்படும். அவர் இருக்கும் மாகாணத்தில் பழுப்புக் கரடியும் வாழ்கிறது. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முயல்வது ஆபத்து. 2023இல் வெளியான அந்த ஆய்விலேயே, கறுவாக் கருங்கரடியின் மயிரையும் பழுப்புக் கரடியின் மயிரையும் கருவி வைத்து அளந்தபோது பெரிய வேறுபாடு இருக்கவில்லை. வடிவத்தைப் பார்க்கவேண்டும். பழுப்புக் கரடிக்குத் தோளில் நம் நாட்டு எருதின் திமில் போல ஒரு மேடு இருக்கும், முகம் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழிந்திருக்கும், காது சிறிது, முன்னங்கால் நகங்கள் விரல் நீளம். கருங்கரடிக்குத் தோள்மேடு இல்லை, முகம் நேர், காது பெரிதாக நிமிர்ந்து நிற்கும், நகம் குட்டையாக வளைந்து மரம் ஏற வாகாக இருக்கும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கருங்கரடி வேட்டைக்கு அனுமதி கேட்பவர்கள், இந்த இரண்டையும் பிரித்தறியும் தேர்வில் சித்தியடைந்தே ஆகவேண்டும். பாதுகாக்கப்பட்ட பழுப்புக் கரடியை நிறத்தால் ஏமாந்து சுட்டுவிடக் கூடாதே என்பதற்காக.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நம் காட்டுக் கரடி அமெரிக்கக் கருங்கரடியின் இனம் அல்ல. கறையானையும் பழத்தையும் தேனையும் முதன்மையாக உண்ணும் வேறோர் இனம்; இந்தியாவிலும் உண்டு. 1791இல் ஜோர்ஜ் ஷோ என்பவர் முதலில் இதற்குப் பெயர் வைத்தபோது, நீண்ட நகங்களையும் மேல் வரிசை முன்பற்களில் நடு இரண்டு இல்லாததையும் பார்த்து, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கும், உண்மையில் கரடியே அல்லாத அசையாக்கரடியின் (ஆங்கிலத்தில் 'ஸ்லொத்') உறவு என்றே எண்ணிவிட்டார். ஆங்கிலத்தில் அந்தப் பிழை இன்னமும் 'ஸ்லொத் பெயர்' (sloth bear) என்று நம் கரடியின் பெயரில் தொங்குகிறது. பல் இல்லாதது குறையல்ல. அந்த இடைவெளி வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சி எடுக்கிறது. இலங்கைக் கரடிக்கு 1855இல் தனித் துணையினப் பெயர் கொடுத்தார்கள். அதன் பொருள் 'அணியற்றது'. இந்தியக் கரடியை விட மயிர் குட்டையாகவும், மார்பில் உள்ள வெண்குறி மங்கலாகவோ இல்லாமலோ இருப்பதால் வந்த பெயர். நம் கரடிகளில் நிற வேறுபாட்டைத் தேடுபவர்கள் முதலில் அந்த மார்பைத்தான் பார்க்கவேண்டும். சிலவற்றில் பிறை, சிலவற்றில் கவண் வடிவம், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. இந்தியாவில் பழுப்பு மயிர்க் கரடிகளும் அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. அவையும் தனிச் சாதி அல்ல.

முதியவர் கண்டது என்ன? அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால் நானும் செங்கரடியைக் கண்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பாதயாத்திரையில், வாகூர வெட்டையில் தங்கிவிட்டுப் பனி விலகுமுன் கும்புக்கன் ஆற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். முன்னால் போன அம்மா ஒருவர் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். அரோகரா ஓசை அடங்கியது. பாதைக்கு இடப்பக்கம் ஒரு வெட்டையின் ஓரத்தில் பெரிய கறையான் புற்று. அதில் தலையைப் புதைத்தபடி, செங்கல் சூளையிலிருந்து எழுந்து வந்தது போல ஒரு கரடி. தோள், முதுகு, காது எல்லாம் செம்மை. தூரம் எழுபது எண்பது மீற்றர் இருக்கும். அது மூச்சை ஊதி மண்ணைத் தள்ளுவதும் பிறகு உறிஞ்சுவதும் அங்கிருந்தே கேட்டன, பழைய சைக்கிள் பம்பில் காற்றடிப்பது போல. பக்கத்தில் நின்றவர் என் காதில், "சேர், செங்கரடி" என்றார். நானும் ஒரு கணம் அப்படியே நம்பினேன்.

பிறகு அது தலையை வெளியே எடுத்து, நாய் நனைந்தால் செய்வது போல உடம்பை ஒருமுறை சிலிர்த்தது. செம்புழுதி ஒரு மேகமாக எழுந்து காற்றில் சாய்ந்தது. மேகம் விலகியபோது முதுகு கறுப்பாக நின்றது. வயிற்றடியும் கால்களும் இன்னும் சிவப்பு. எங்கள் வாடை பட்டதோ என்னவோ, மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீரைப் பற்றைக்குள் நடந்து மறைந்தது.

நம் உலர்வலயத்து மண் செம்மண். கறையான் அந்த மண்ணைத்தான் குழைத்துப் புற்றுக் கட்டுகிறது. நாள்தோறும் புற்றைத் தோண்டிப் பிழைக்கும் ஒரு விலங்கின் மயிரில் அந்த மண் ஏறாமல் இராது. பாதயாத்திரை நடப்பதோ ஆடி மாதக் கடும் வரட்சியில். மழை கழுவிவிட வழியில்லை. பொல்லாப்பும் நிறத்தால் வருவதல்ல. புற்றுக்குள் தலையைப் புதைத்திருக்கும் கரடிக்கு மனிதர் நெருங்குவது தெரிவதில்லை. திடீரென்று அருகில் கண்டால் அஞ்சிப் பாயும். சிவப்பாகத் தெரியும் கரடி பெரும்பாலும் இப்போதுதான் புற்றிலிருந்து தலையை எடுத்த கரடி. முதியவரின் அனுபவத்தில் செங்கரடி பொல்லாததாகப் பட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான மயக்கமும் நம் நாட்டில் உண்டு. கருஞ்சிறுத்தை என்றால் வேறொரு மிருகம் என்று படித்தவர்கள்கூட என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். புள்ளிச் சிறுத்தையின் வயிற்றில் பிறப்பதுதான் அதுவும். வெள்ளைக் கெர்மோட் போலவே பின்னிடைவான ஓர் இயல்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தது. 2020இல் மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிக்கி ஒரு கருஞ்சிறுத்தை இறந்துபோனது. அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுப்புக்கு அடியில் புள்ளிகள் அப்படியே இருந்தன.

அடுத்த முறை நடக்கும்போது செந்நிறக் கரடி கண்ணில் பட்டால், கூட்டத்தை விட்டுப் பிரியாமல் நின்ற இடத்திலேயே நின்று, காதுக்குப் பின்புறத்தையும் முகத்தைச் சுற்றியுள்ள மயிரையும் கவனியுங்கள். புழுதி என்றால் அங்கே திட்டுத் திட்டாக இருக்கும். மயிர் பிரியும் இடங்களில் அடியில் கறுப்பு தெரியும். அடியிலிருந்து நுனிவரை ஒரே பழுப்பாக இருந்தால், அது இலங்கையில் அரிய காட்சி. தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்து, இடத்தையும் நாளையும் எழுதி வைத்து, உகந்தையில் பாதை திறக்கும் காலத்தில் இருக்கும் வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்களிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.